கல்லாற்று மரச்சட்ட வீடு

கல்லாற்றில் நாங்கள் குடியிருந்த வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கும். பொன்முடியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை, தன் ஊர்ப் பண்ணைவீடு போலவே வேண்டும் என்று கட்டிய வீடு அது. சீமைக்குப் போகும்போது, தோட்டத்தில் கிளார்க்காக இருந்த என் கணவரை அதில் குடிவைத்துவிட்டுப் போனார். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்திலிருந்து மாமியாரும் நாங்கள் இருவரும் பெட்டி படுக்கையோடு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

வீடா அது! வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாக மரங்கள், நெட்டாகவும் குறுக்காகவும் சாய்வாகவும். நம் பக்கம் தூணைக் கல்லின்மேல் நிறுத்துவார்கள். துரையோ இரண்டு வரிசைச் செங்கல்லின்மேல் நீள மரச்சட்டத்தைப் படுக்கவைத்து, அதில் தூண்களை ஊன்றியிருந்தார். ஆணியே கிடையாது, எல்லாம் மரமுளைதான். தூண்களுக்கு நடுவே மூங்கில் பிளாச்சு கட்டி மண் அப்பியிருந்தது. மாடியறை கீழ்வீட்டைவிட ஒரு முழம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதன் அடியில் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

மாமியாருக்குக் கவலை வேறு. மாமிசம் வெந்த வீடாயிற்றே. "நன்னா அலம்பி விடாம இங்கே எனக்கு ஒரு வாய் தண்ணி எறங்காதாக்கும்" என்றார். தினமும் விடியற்காலையில் ஈரப்புடவையோடு குடம் குடமாகத் தரையில் கொட்டுவார். சுவர் தன்மேல் பட்டால் மடி போய்விடும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் நடப்பார். அக்கிரகாரத்துக் கருங்கல் தரை எத்தனை கொட்டினாலும் தாங்கும். இங்கே தண்ணீர் சுவரோரமாகப் போய்க் காணாமல் போகும். அவ்வளவையும் அடியில் கிடந்த சட்டம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தோன்றியது?

மறுவருஷம் பிறந்தவீட்டில் பிரசவம் முடிந்து, பெண்குழந்தையோடு திரும்பினேன். உள்ளறைக் கதவு நிலையில் இடித்தது. மழை வலுத்தால் மூலைத்தூண் முனகும். எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னேன்.

"மரம்னா மழைக்கு ஊதும், முனகும். நீ சும்மா பேடிக்காதே" என்றார். பயத்தை எங்கள் பக்கம் பேடி என்போம். அவருக்கென்ன பேடி, பகலெல்லாம் ஆபீசில் இருப்பவர்.

கர்க்கடக மாசம், அதாவது ஆடி; மழை கொட்டிய ஒரு மத்தியானம். குழந்தை உள்ளறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டில் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று படாரென்று ஒரு சத்தம், காலடியில் தரை அதிர்ந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அடிச்சட்டம் இற்றுப்போய் வீட்டின் ஒரு மூலையே கீழே இறங்கியிருந்தது. உள்ளறைக் கதவுநிலை கோணிக்கொண்டு, சாத்தியிருந்த கதவை இறுக்கிப் பிடித்துவிட்டது. ஜன்னலோ பூனை நுழையும் அளவுதான். உள்ளே குழந்தை வீறிட்டாள். அப்புறம் அழுகை சட்டென்று நின்றது.

நின்றதுதான் என்னைக் கொன்றது. கதவை இரண்டு கையாலும் தள்ளினேன், அசையவில்லை. மாமியார் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் ஓங்கி இடித்தார்.

"அம்மா, வேண்டாம்! மாடியே தலைமேல எறங்கிடும்!"

"எறங்கட்டும்டி! கொழந்தை உள்ளேயாக்கும்!"

பாரமெல்லாம் மரத்தின்மேல்தான், மண்சுவர் வெறும் அடைப்பு என்று பிறகுதான் கணவர் சொன்னார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. ஒவ்வொரு இடிக்கும், இதோ விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மண் உதிர்ந்து மூங்கில் தெரிந்ததும் மாமியார் உலக்கையை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பிளாச்சுகளைப் பிய்த்தார். அந்த ஓட்டை வழியாக நான் உள்ளே ஊர்ந்து போனேன். தூளி முழுக்கச் சுண்ணாம்புத் தூள். நடுவில் என் பெண் கண்ணைத் திறந்துகொண்டு இருமினாள். வாரி எடுத்து வெளியே மாமியாரிடம் நீட்டினேன்.

மழை விடும்வரை மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமியாரின் கையெல்லாம் கீறல், முழங்கை வரை துரை வீட்டு மண். குளிக்காமல் இருக்கமாட்டாரே என்று கிணற்றில் தண்ணீர் சேந்தி வைத்துவிட்டுக் குழந்தைக்காகக் கையை நீட்டினேன்.

அவர் தரவில்லை. மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"குளியெல்லாம் பின்னே ஆகட்டும். இவளைக் கையை விட்டு எறக்க எனக்கு பேடியா இருக்கு."