நடுத்தர விலையில நல்லதா ஒண்ணு

பரிசு கொடுக்க ரெக்கார்ட் பிளேயர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கடைப்படி ஏறியதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "நடுத்தர விலையில நல்லதா ஒண்ணு காட்டுங்க." மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எதையாவது விற்றுப் பிழைத்தவர் நீங்கள் என்றால், இதைப் படிக்கும்போதே உங்களுக்கு நெற்றிப்பொட்டு வலித்திருக்கும். உசந்த விலைக்காரர் கம்பெனிப் பெயரைச் சொல்லி வாங்கிப் போய்விடுவார். மலிவு விலைக்காரர் பேரம் பேசி முடித்துக்கொள்வார். இந்த நடுவாந்தரக்காரர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

எழுபதுகளின் தொடக்கம். தேனி கடைத்தெருவில் என் மாமனாருக்கு ரேடியோக் கடை. நான் கல்யாணமாகி வந்த வருசமே, முகூர்த்த நாட்கள் நெருங்குகிற சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். மாமனாருக்கோ கண்ணில் புரை. கடையை மூடினால் கல்யாண வியாபாரம் போய்விடும்; திறந்தால் உட்கார ஆளில்லை. "நான் போறேன் மாமா" என்றேன். அவர் சாவியை எடுத்து நீட்டி, "ரிப்பேருக்குச் சின்னச்சாமி இருக்கான். நீ பாட்டு மட்டும் போட்டுக் காட்டு" என்றார். அப்படிப் போய் உட்கார்ந்தவள், வீட்டுக்காரர் குணமாகி வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

தூக்கிப் பார்த்தவர்

முதல் நாள், முதல் ஆள். கெங்குவார்பட்டி விவசாயி ஒருவர், மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்க வந்தார். படியில் நின்றபடியே என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பளைக யாரும் இல்லையாம்மா?" என்றார். இவர் திரும்பிப் போனால் சாயங்காலம் மாமனாரிடம் என்ன சொல்வது? உள்ளே ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த சின்னச்சாமி அண்ணன் தலையை நிமிர்த்தாமலே, "நான் இருக்கேங்கய்யா. ஆனா எனக்குப் பிரிக்கத்தான் தெரியும். விக்கிறது அந்தம்மாதான்" என்றார். வந்தவர் அரை மனதோடு உட்கார்ந்தார்.

முந்தின ராத்திரி வீட்டுக்காரர் படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்த அத்தனையையும் ஒப்பித்தேன். தட்டு எந்த வேகத்தில் சுற்றும், எந்தத் திருகைத் திருப்பினால் குரல் கனக்கும், மூடியிலேயே ஸ்பீக்கர் இருந்தால் என்ன வசதி, எல்லாம். பாட்டும் போட்டுக் காட்டினேன். அவர் கேட்கவே இல்லை. எழுந்து வந்து, சந்தையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தார். நன்றாகப் பாடுகிற பெட்டி இலேசாக இருந்தது. பானைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஒரு பெட்டி இருந்ததே, அது நல்ல கனம். "இதையே கட்டுங்க" என்றார். மனசு கேட்கவில்லை. "அதுல பாட்டு அவ்வளவு நல்லா இருக்காதுங்கய்யா" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாட்டு நல்லாருக்கா இல்லையாங்கிறது அவுக வீட்டுக்குப் போனப்புறம்தானம்மா தெரியும், பந்தல்ல நாலு பேரு பாக்கையில, தூக்குற சம்பந்தி கொஞ்சம் முக்கணும்ல?"

புதுப் போதகருக்கு

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகருக்குப் பரிசு கொடுக்க, மாதர் சங்கத்தார் ஒரு கூட்டமாக வந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். கோயிலில் எனக்குப் பின் வரிசைக்காரர்கள். பெட்டியின் நிறம் அடக்கமாக இருக்க வேண்டும் என்றார்கள். பழுப்பு நிறத்தில் ஒன்றைக் காட்டினேன். திருப்தி. புறப்படும்போது சங்கத் தலைவிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இதுல சினிமாப் பாட்டு ஏதும் வந்துறாதே?" என்றார். நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து சின்னச்சாமி அண்ணன் குரல் கொடுத்தார்.

"பெட்டி இன்னும் ஞானஸ்நானம் வாங்கலக்கா, எந்தத் தட்டைப் போட்டாலும் பாடும்."

வடுகபட்டிக் கரண்டு

லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்க்கிற ஒருவர், வடுகபட்டியில் அண்ணன் வீட்டுப் பால்காய்ப்புக்குக் கொடுக்க ஒரு பெட்டி வாங்கினார். எச்சரிக்கையான மனிதர். நேரே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தன் குவார்ட்டர்ஸில் வைத்துச் சில நாள் ஓட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே அண்ணனிடம் கொடுத்தார். மறுவாரம் அண்ணன்காரர் பெட்டியோடு எங்கள் கடைக்கு வந்து நின்றார். "தம்பி ஓட்டப் பெட்டியத் தலையில கட்டிட்டான். பொம்பள பாடுனா ஆம்பளக் கொரலு வருது. ஆம்பள பாடுனா இழவு வீட்டு அழுக மாதிரி வருது" என்றார். கடையில் போட்டோம். குயில் மாதிரி பாடியது. அவர் பெட்டியை முறைத்தார். வீட்டுக்குப் போனால் மறுபடியும் அழுகை. இதற்குள் அண்ணனும் தம்பியும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

விசயம் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், தம்பியையும் கூட்டிக்கொண்டு சின்னச்சாமி அண்ணன் வடுகபட்டிக்கே போனார். பெட்டியைத் திறக்கவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு வாசலில் நின்று கேட்டார். சுற்றிலும் தோட்டங்களில் பம்புசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். முனகிக்கொண்டிருந்த பாட்டு மெல்ல எழுந்து உட்கார்ந்து, அழகான பெண் குரலாக மாறியது. மோட்டார் ஓடியதும் மறுபடி ஆண் குரல். பெட்டியில் குறையில்லை, கரண்டு பத்தவில்லை என்று அண்ணன்காரருக்கு விளங்கிவிட்டது. கோபம் போன இடத்தில் சிரிப்பு வந்து, தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டாராம்:

"கரண்டு தயார் பண்ற எடத்துலதானடா வேல பாக்குற, பெட்டியக் குடுத்தவன் அதையும் ஒரு குடம் மோந்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

நாத்தனாருக்கு

போடியில் ஏலக்காய் மண்டிக் கணக்கர் ஒருவர். காலையில் தனியாக வந்தார். மனைவிக்குப் பாட்டென்றால் உயிராம். "அவளுக்குன்னு சொன்னா வேண்டாம்னுருவா. செலவு செய்ய விடமாட்டா. அதனால எந்தங்கச்சிக்குன்னு சொல்லிக் கூட்டியாரேன். அவளே பாத்து எடுக்கட்டும். நீங்க கண்டுக்காதீக" என்றார். எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கே பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் கடைக்குள் வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த, மூடிகூட இல்லாத பெட்டியைக் காட்டி, "இது போதும்" என்றாள். கணக்கருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் நடுவாந்தரத்தில் ஒன்றை எடுத்து வைத்துப் பாட்டுப் போட்டேன். அவள் தன்னை மறந்து தலையாட்டினாள். பாட்டு முடிந்ததும் நினைவு வந்தது போல, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவளுக்கு எதுக்கு இம்புட்டு? எங்க கல்யாணத்துக்கு அவ குடுத்தது ஒரு செம்பு" என்றாள். நான் மறுபடி சிபாரிசு செய்தேன். "நீங்க ஏன்க்கா இதையே தள்ளிவிடப் பாக்குறீக?" என்று என்மேலேயே சந்தேகம். கணக்கர் அவளுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், கடைசியில் கும்பிடவே செய்தார். இவ்வளவு நேரமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சின்னச்சாமி அண்ணன் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார்.

அவள் மூலைப் பெட்டியைக் கட்டச் சொல்லி எழுந்தேவிட்டாள். வேறு வழியில்லாமல் கணக்கர், "அது ஒனக்குத்தான்டி" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு, புடவை முந்தானையைச் சரிசெய்து, திரும்ப நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த மேல் தட்டுல இருக்கே பெருசு, அதையும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கக்கா."

ஊசி

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர். அங்கேயே கடைகள் இருக்கும்போது தேனிக்கு ஏன் வந்தார் என்று முதலில் புரியவில்லை. மகளுக்கு என்றார். என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளையில ரேடியோவக் கட்டிக்கிட்டுக் கெடக்கும். இப்ப என்ன பிடிக்கும்னு தெரியலை தாயி" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போடியில் இருக்கிறாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. கம்பத்தில் வாங்கினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் தேனிக்கு வந்திருக்கிறார். இப்போது பேரன் பிறந்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்களாம். வசதியானவர்தானே, உசந்ததாகவே எடுக்கலாமே என்றேன். "ரொம்ப ஒசத்தியாக் குடுத்தா, வெல குடுத்துச் சமாதானம் வாங்க வாராருன்னு நெனைக்கும். மட்டமாக் குடுத்தா, இன்னும் கோவம் தீரலைன்னு நெனைக்கும்" என்றார். நடுத்தர விலைக்கு இப்படி ஒரு காரணத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெட்டியை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், அவர் வர மாட்டார் என்பது ஏற்பாடு. எனக்கு என்ன தோன்றியதோ, "வாங்குனவுக முன்னாடிதான் மாட்டிக் காட்டணும், அது கம்பெனி ரூல்ஸுங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். சின்னச்சாமி அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆமாங்கய்யா, கண்டிசனா இருப்பாக" என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெரியவரும் எங்களோடு பஸ்ஸில் போடிக்கு வந்தார். மகள் வீட்டுக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றுகொண்டார். கதவைத் திறந்த மகள் எங்களைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் எங்களைத் தாண்டிப் பார்த்தாள். அவள் கதவைச் சாத்திவிடுவாளோ என்று எனக்குப் பயம். சின்னச்சாமி அண்ணன் பாட்டுக்கு, "பிளக் பாயிண்டு எங்கனம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகள் படி இறங்கித் தெருவுக்கு வந்தாள். "ஏப்பா வெளியவே நிக்கிறீக? உள்ள வாங்க" என்றாள். அவ்வளவுதான். உள்ளே வந்தவர் மகள் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்தே பேசினார். "இந்த ஊசி தேஞ்சுபோனா தட்டெல்லாம் கீறிப்போகும். நீ தொடாத. நானே வந்து மாத்தித் தாரேன்" என்றார். ஊசியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் நான் சொன்னதுதான்.

அதற்கப்புறம் பெரியவர் ஊசி வாங்க வர ஆரம்பித்தார். ஒரு ஊசி மாதக்கணக்கில் உழைக்கும். அவரோ முதலில் மாதம் ஒரு தடவை வந்தார், பிறகு அதற்கும் முன்னாலேயே வந்தார். கையில் எப்போதும் ஒரு பை. அதில் திராட்சையும் ஒரு கிலுகிலுப்பையும் இருக்கும். வியாபாரம்தான், ஆனாலும் மனசாட்சி உறுத்தி ஒருநாள் சொல்லிவிட்டேன்: "ஐயா, போன தடவ வாங்குன ஊசி இன்னும் தேஞ்சிருக்காதுங்களே." அவர் கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதான் தாயி கேக்குறேன், சீக்கிரம் தேயிற மாதிரி ஊசி ஏதாச்சும் வச்சிருக்கீகளா?"

•

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற யாருக்கும் என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: "யாருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், மீதியை வந்தவரே பேசி, அவரே தேர்ந்தெடுத்து, நீங்கள்தான் சாமர்த்தியமாகப் பேசி விற்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.