முந்திரிக்கொட்டைக்கு ஒரு தனிப் பிரதி

அவளை எல்லோரும் பைண்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தை ஒட்டிய நீளமான கூடத்தில், ஃபாரம் ஃபாரமாக வந்து விழும் தாள்களை மடித்து, வரிசைப்படுத்தி, ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக்குவது அவள் வேலை. ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். விரல் நுனியில் தோல் தடித்துப்போய், ஊசி குத்தினாலும் உறைக்காது.

அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்கத் தனியே உட்கார்ந்திருக்கிற மனிதர். கல்யாணமான புதிதில், சாப்பாட்டு டப்பாவின் அடியில் விரிக்க என்று பைண்டிங்கில் கழித்துப்போட்ட தாள்களைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒன்றில் இரண்டு போர் விமானங்கள் மேகத்துக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

"இதுக்கு அடுத்த பக்கம் எங்கே?"

"அது வேற ஃபாரம். நல்லாத்தான் வந்திருந்துது, அதனால கழிக்கல."

"நல்லா வந்ததையும் கழிச்சிருக்கலாம்ல?" என்றார்.

மறுநாளே கடைக்குப் போய் முழுப் புத்தகத்தையும் வாங்கி வந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிய தொடர் நாவல் அது. ஒரு ஸ்குவாட்ரன் லீடர். அவன் பக்கத்திலேயே பறந்து அவனுக்குக் காவலாக இருக்கும் விங்மேன். வருஷத்துக்கு ஒரு பாகம் வந்தது. முதலில் அவர் மட்டும் படித்தார். பிறகு அவளையும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்து கதவைத் தட்டி, "டவர், தரையிறங்க அனுமதி உண்டா?" என்று கேட்பார். "ரன்வே துடைச்சிட்டிருக்கேன், இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க" என்பாள் உள்ளேயிருந்து. அவரும் விடாமல் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த இரண்டு விமானிகளும் அந்த வீட்டு ஆட்களாகவே ஆகிவிட்டார்கள்.

அவருக்கு லீடரைவிட விங்மேனைத்தான் பிடிக்கும். "எரிபொருள் காலியாகுதுன்னு தெரிஞ்சும் பக்கத்துல இருக்கான் பாரு. அவன் மனுஷன்" என்பார்.

இந்தக் கதைப் பைத்தியம் அந்தக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் உண்டு. அவளுடைய அக்காவின் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊர் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். புத்தகம் வந்த அன்றே ஒரே மூச்சில் படித்துவிடுவார். அதில் ஒன்றும் தப்பில்லை. படித்ததை வாய்க்குள் வைத்திருக்க அவரால் முடியாது. கண்ணாடியைக் கழற்றுவார், ஊதுவார், சட்டை நுனியால் துடைப்பார். "நான் சொல்லலேன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க" என்று ஆரம்பிப்பார். முடிவு வெளியே வந்து விழும். எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி. கிரேன்காரர் அவருக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர்.

துறைமுகத்துத் தூசி கிரேன்காரரின் நுரையீரலில் இறங்கியது. படுக்கையில் விழுந்தார். எழுத்துகள் கண்ணுக்கு நீந்த ஆரம்பித்ததும் அவள்தான் படித்துக் காட்டினாள். அப்போதுதான் தொடரின் புதிய பாகம் வந்தது. லீடரின் விமானம் அடிபட்டுக் கடல்மேல் தத்தளிப்பதோடு முந்தைய பாகம் முடிந்திருந்தது. விங்மேன் அவனைக் கரை சேர்ப்பானா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று டாக்டரே வேடிக்கையாகச் சொன்னார். மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாள். மூச்சு வாங்கினால் நிறுத்துவாள். "அங்கேயே நில்லு, நாளைக்கு வேணும்" என்பார். நாளைக்கு ஒன்று வேண்டும் என்று அவர் சொல்வதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அப்படி ஒரு மாலையில் அக்காவும் அத்தானும் பார்க்க வந்தார்கள். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் செருகியிருந்த அடையாளத் தாளைப் பார்த்தார்.

"என்ன சகலை, இன்னும் பாதியே தாண்டலையா?"

"மெதுவாப் போயிட்டிருக்கோம்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "அத்தான், வேண்டாம். சொல்லாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்."

அவர் ஊதினார், துடைத்தார். "நான் சொல்லலேன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க. எதுக்கு இழுத்துக்கிட்டு? லீடர் செத்துடுறான். சுட்டுத் தள்றதே உங்க விங்மேன்தான்."

"எப்பப் பாரு இவர் இப்படித்தான்" என்று அக்கா முணுமுணுத்தாள். அவர்கள் போன பிறகு அவள் புத்தகத்தை எடுத்தாள்.

"படிக்கட்டுமா?"

"வேண்டாம்மா. இனிமே அவன் நல்லாப் பேசுற இடமெல்லாம் பொய்யாத்தான் கேட்கும்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனுமா?" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தான் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "கடைசியா நான்தான் அவருக்குக் கதையோட முடிவைச் சொன்னேன். நிம்மதியாப் போய்ச் சேர்ந்தாரு." அழுதுகொண்டிருந்தவளின் கண்ணீர் அந்த நிமிஷமே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள், கல்லாகிப் போய்விட்டாள் பாவம் என்றார்கள். அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

கோபத்தை வெளியே காட்டவில்லை. அத்தான் வந்தால் நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். அவர் கடையைத் தாண்டிப் போகும்போது சிரித்துத் தலையாட்டினாள். அந்தக் கண்ணாடிக் கடை தீப்பிடித்து எரிவதாகக் கனவு வரும். எழுந்ததும் எரியவில்லையே என்று இருக்கும்.

மறுவருஷம் தொடரின் அடுத்த பாகம் அச்சுக்கு வந்தது. லீடரைக் கொன்ற குற்றத்துக்காக விங்மேன் ராணுவ நீதிமன்றத்தில் நிற்கிறான். மடிக்க மடிக்கப் படித்தாள். கடைசி ஃபாரத்துக்கு வந்ததும் அவள் கை அப்படியே நின்றது. அடிபட்ட விமானம் குண்டுகளோடு ஒரு நகரத்தின் மேல் விழப் போகிறது. லீடரால் திருப்ப முடியவில்லை. "என்னைச் சுடு" என்று உத்தரவு போட்டதே லீடர்தான். அழுதுகொண்டே சுட்டான் விங்மேன். அத்தனை சாட்சிகளும் தனக்கு எதிராகப் பேசியும், நண்பனுடைய விமானம் கட்டுமீறிப் போனது என்று உலகத்துக்குத் தெரியக் கூடாது என்று வாய் திறக்காமல் நின்றான்.

அவர் நம்பியது சரி. அந்த விங்மேன் மனுஷன்தான். அது தெரியாமலே அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு செத்துப்போனார்.

தாள் கட்டின்மேல் தலையை வைத்து அழுதாள். எழுந்து முகத்தைக் கழுவினாள். அவள் முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவள், "யாரையோ வெட்டப் போற மாதிரி இருக்கியே அக்கா" என்றாள்.

சாயங்காலம் அத்தானே வீடு தேடி வந்தார். "புத்தகம் உங்க பைண்டிங்குக்குத்தானே வந்திருக்கு? வெளியீட்டு விழாவை எங்க வட்டம்தான் நடத்துது. எழுத்தாளரே வர்றார். வரவேற்புரை நான். படிக்காமப் பேசினா நல்லாவா இருக்கும்? ஒரு காப்பி முன்னாடியே எடுத்துக் குடும்மா."

"வெளியே போகக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க அத்தான். விஷயம் வெளியே வந்தா என் வேலை போயிடும்."

"என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் அத்தான்" என்றாள்.

அத்தனை வருஷம் அந்த எழுத்தைப் படித்து, தைத்து, வாய்விட்டுச் சொல்லிக் காட்டியவளுக்கு அதே நடையில் எழுதுவது கடினமாக இல்லை. பதினாறு பக்கம். அவள் எழுதிய முடிவில் விங்மேன் பச்சைத் துரோகி; எதிரி நாட்டுக்குத் தப்பிப் பறந்துவிடுகிறான். அவனுக்கு உதவியாகத் தரைக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஆசாமியைப் படைத்தாள். எந்த ரகசியமும் வாயில் தங்காதவன். சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியால் துடைப்பவன். எந்த விமானம் எப்போது கிளம்பும் என்பதை ரேடியோவில் உளறி ஒரு படைப்பிரிவையே கடலில் தள்ளியவன். கடைசியில் அவன் வாயில் பிளாஸ்திரி ஒட்டி, சரக்கு விமானத்தில் மூட்டையோடு மூட்டையாக ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த இடத்தை எழுதும்போது அவளுக்குச் சாப்பிட்டதுபோல் வயிறு நிறைந்தது.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பெண்ணிடம் கொண்டுபோனாள். அவள் படித்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "இது அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தானே? கண் பரிசோதனைக்குப் போனேன் அக்கா. மூக்குல ஃபிரேமை மாட்டிவிட்டு, ஓட முடியாதபடி உட்கார வச்சு, முந்தின பாகத்தோட முடிவைச் சொல்லிட்டார். எனக்குக் கடைசி வரி எழுத்துகூடத் தெரியல, கண்ணுல தண்ணி."

ஒரே ஒரு ஃபாரம் தனியாக அச்சாகி வந்தது. அதே தாள், அதே எழுத்து. ஒரு பிரதியின் கடைசி ஃபாரத்தை எடுத்துவிட்டு இதைச் சேர்த்துத் தைத்தாள். வாழ்க்கையில் எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு அழகாகத் தைத்ததில்லை. அதைத்தான் அத்தான் கையில் கொடுத்தாள்.

விழா மண்டபம் நிரம்பியிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள், பஸ் டிரைவர்கள், பேரப்பிள்ளையோடு வந்தவர்கள். பாதிப் பேர் மூக்கில் அத்தான் கடைக் கண்ணாடி. மேடையில் எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தான் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"புத்தகத்தை நான் ஏற்கெனவே படிச்சிட்டேன்" என்றார். கூட்டத்துக்குள் கிலி பிடித்தது. "ஐயையோ, சொல்லாதீங்க!" என்று நாலு பக்கமும் குரல். அதுதானே அவருக்கு ருசி. கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார். பின்வரிசையில் அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லலேன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க. விங்மேன் துரோகிதான்! எதிரி நாட்டுக்கே ஓடிப்போயிடுறான்!"

மண்டபம் கொதித்தது. "உட்காருய்யா!" என்று ஒருவர் நாற்காலியைத் தட்டினார். எழுத்தாளர் குழம்பிப்போய் எழுந்தார்.

"மன்னிக்கணும். அப்படி எதையும் நான் எழுதலையே."

"என்ன சார் விளையாடுறீங்க, இதோ" என்று அத்தான் பையிலிருந்து பிரதியை எடுத்து நீட்டினார். எழுத்தாளர் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். புருவம் ஏறியது. ஒலிபெருக்கியின் முன்னாலேயே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "அவன் கண்ணாடியைக் கழற்றினான். ஊதினான். சட்டை நுனியால் துடைத்தான். 'நான் சொல்லலேன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க' என்றான்…"

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது அடுத்த வரிசைக்குப் போனது. பிளாஸ்திரிக்கு வந்தபோது மண்டபமே குலுங்கியது. அத்தான் மேடையில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை படித்திருந்தும் அந்த ஆசாமி யார் என்று அவருக்குப் பிடிபட்டிருக்கவில்லை. இப்போது பிடிபட்டது. காது மடல் வரை சிவந்து, மேடைப் படியைத் தேடி இறங்கினார்.

"இதை எழுதினது யாரு?" எழுத்தாளர் சிரிக்கவில்லை.

அவள் எழுந்தாள். "நான்தான் சார்."

"என் பேர் போட்ட அட்டைக்குள்ள இன்னொருத்தர் எழுத்து. அது தப்பும்மா."

"தப்புதான் சார். அந்த ஒரு பிரதி மட்டும்தான். மத்ததெல்லாம் நீங்க எழுதினதுதான்." அவள் தலை குனியவில்லை.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தினார். எழுத்துக் கோத்த பெண்ணின் பெயரை எவ்வளவு கேட்டும் அவள் சொல்லவில்லை. வேலை போகும் என்று அவள் எதிர்பார்த்திருந்ததுதான். பள்ளிப் புத்தகம் தைக்கும் இன்னொரு பட்டறையில் சேர்ந்துகொண்டாள். அங்கே மடித்தது எல்லாம் வாய்ப்பாடும் வரைபடமும்தான்.

ஒரு நாள் அத்தான் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "ஊரே என்னைப் பார்த்து வாயில பிளாஸ்திரி எங்கேங்குது. அப்படி உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

"அவருக்கு முடிவைச் சொன்னீங்களே."

அவருக்கு நிஜமாகவே உடனே நினைவுக்கு வரவில்லை. "அதுவா? சாகப் போற மனுஷன்கிட்ட ஒரு கதையைச் சொன்னதுக்கா?"

"போங்க அத்தான்" என்று கதவைச் சாத்தினாள்.

அக்கா வெகுநாள் பேசவில்லை. பிறகு, காய்கறிக் கடையில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டபோது, இரண்டு பேரும் வெங்காயக் கூடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். அக்கா பொறுக்கிக்கொண்டே, "வீட்டுல இப்போ சத்தமே இல்லடி" என்றாள். "வாசகர் வட்டத்துப் பக்கமே போறதில்ல. புத்தகத்தைப் படிச்சிட்டு உர்ருன்னு உட்கார்ந்திருக்கார். நேத்துத்தான் முதல் தடவையா ஒரு சினிமாவை நானே கடைசி வரைக்கும் பார்த்தேன்." அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்: "இன்னும் உனக்கு ஆத்திரம் தீரலையாடி?"

பைண்டிங் அக்கா ஒரு வெங்காயத்தை எடுத்து அழுத்திப் பார்த்தாள். அழுகல். தூரப் போட்டாள்.

"தீரலக்கா" என்றாள். "ஆனா விழா அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்."