வேட்டியில் விழுந்த வெற்றிலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் ஆசிரியர் பயிற்சி பெற்றேன். எங்கள் சின்னக் கல்லூரியில் நுண்ணோக்கி ஒன்றுதான். அதிலும் கண்ணாடி கிடையாது. ஆகவே இயற்கைப் பாட வாத்தியார் எங்களைத் தண்ணீர்மலைக் காட்டுக்கு அனுப்பினார். ஆளுக்கு ஒரு மரம். அதனடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, தினமும் காலையில் போய், உதிர்ந்த இலைகளை எண்ணி எழுத வேண்டும். அந்த நோட்டில் தேறினால்தான் சான்றிதழ், அதற்குப் பிறகுதான் வேலை.

தேதி போட்டு எழுதுவது எனக்குப் பிறவிப் பழக்கம். முதல் வாரம் ஆறு நாளுக்கும் தேதி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

“காட்டுல ஒரு இலைகூட விழலையா? உன் மரம் என்ன, இரும்புல செஞ்சதா?” என்றார் வாத்தியார்.

மறுநாள் விடியும்போதே போனேன். பாதை கூட்டும் தொழிலாளி ஒருவர் என் வேட்டியை உதறி, சுருக்கமில்லாமல் திரும்ப விரித்துக்கொண்டிருந்தார்.

“குப்பையா கெடந்துச்சு தம்பி. எங்கள வேல வாங்குற மண்டோர் பாத்தா ஏசுவாரு லா.”

“அந்தக் குப்பைதாண்ணே எனக்குப் பாடம்! இலை இல்லன்னா நான் பெயிலு.”

அவர் பதறிப்போனார். “மொதல்லயே சொல்லக்கூடாதா? இனிமே நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் வேட்டி நிறைய இலை. மாவிலை, கொய்யா இலை, வெற்றிலை இரண்டு. கண்டதை எழுதுவதுதான் முறை என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

வாத்தியார் படித்துவிட்டுக் கேட்டார்: “சுண்ணாம்பும் விழுந்துச்சா?”

அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தார். தொழிலாளி ஓடி வந்தார்.

“தம்பிய பெயிலாக்கிடாதீங்க ஐயா. நல்ல இலையாப் பாத்துதான் போட்டேன். வெத்தலகூட என் மடியிலேருந்து எடுத்தது.”

“எது தானா விழுந்தது, எது நீ போட்டது?”

அவர் குந்தி உட்கார்ந்து, வேட்டியில் கிடந்த இலைகளை மளமளவென்று இரண்டு குவியலாகப் பிரித்தார். “காம்பு நுனி வழவழன்னு இருந்தா தானா விழுந்தது. நார் தொங்குனா பறிச்சது.”

இதைத்தான் வாத்தியார் கலர் சாக்பீசால் இரண்டு வகுப்பு விளக்கியிருந்தார். நான் ஒரு காம்பையும் திருப்பிப் பார்த்ததில்லை. வாத்தியார் குவியல்களைச் சோதித்தார். ஒரு தவறும் இல்லை. நோட்டில் அன்றைக்கான மார்க்கைப் போட்டு, அதில் பாதியை அடித்தார்.

“பிரிச்சது அவரு. பாதி அவருக்கு.”

தொழிலாளி கைகூப்பினார். “அத வச்சுக்கிட்டு நான் என்னங்கய்யா பண்ணப்போறேன்? தம்பிக்கே குடுத்துருங்க.”

வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டு முழு மார்க்கையும் எழுதினார்.