கொம்பையாவுக்கு மூன்று வரி

காளீஸ்வரனுக்கு எண்கள் போய்விட்டன. நூற்பாலையில் ஒரு ஷிப்டின் கணக்கு முழுவதையும் தலையிலேயே வைத்திருந்தவன், பைபாஸில் பைக்கோடு விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, ஐந்தும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்தான். பேச்சும் சொற்பமாகிவிட்டது. நடந்தான், சாப்பிட்டான். நாற்காலியில் உட்கார வைத்தால் யாராவது வந்து எழுப்பும்வரை அங்கேயே இருந்தான்.

அவன் மனைவி உமாராணி எட்டயபுரம் சாலையில் போஸ்டர் வடிவமைக்கும் கடை வைத்திருந்தாள். காதணி விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. துக்க வீட்டார் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், வாசகத்தை அவளே போட்டுவிடுவாள். யாரும் ஒரு சொல்லைக்கூடத் திருத்தச் சொன்னதில்லை.

விபத்துக்கு முன்பு ஞாயிறு மத்தியானங்களில் அந்தக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். காளீஸ்வரன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் கற்று ஊருக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். அது கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். நடத்துவது உமாராணி. கடல் வற்றிப்போய், கப்பல்கள் தரையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு நாட்டை அவள் உண்டாக்கி வைத்திருந்தாள். அந்த நாட்டில் வழிகாட்டியாகப் பிழைக்கும் கொம்பையாதான் காளீஸ்வரனின் ஆள். பள்ளிக்கூடக் காலத்துச் சேக்காளியும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியுமான பூவனலிங்கம் ஒரு சிப்பாய். தனியார் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் இந்துஜா வைத்தியச்சி.

அவனுக்குப் பிடித்ததைச் செய்யவையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உமாராணி கிரிக்கெட் போட்டுக் காட்டினாள். மில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். கழுகுமலைக்குக் கூட்டிப்போனாள். கோயிலை வேறு யாருக்கோ காட்டுகிறார்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு வந்தான். ஒரு நாள் காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் கேட்டான்: "கொம்பையா எங்க?"

அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளிடம் வேறெதுவும் மிச்சமில்லை.

ஆனால் பழைய ஆட்டம் முழுக்க எண்கள். பலம் இத்தனை, துணிவு இத்தனை, ஒளிந்துகொள்ள இத்தனை என்று ஆளையே மதிப்பெண்களாகப் பிரித்துப் போட்டிருக்கும். அந்தத் தாளை முன்னால் வைத்ததும் காளீஸ்வரன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான். இந்துஜாதான் வேறொரு சின்ன ஆட்டத்தைத் தேடிக் கொண்டுவந்தாள். அதில் ஒரே ஒரு பகடை. நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் கைகூடும். ஆளுக்கு எண்ணே கிடையாது, மூன்று வரிதான்: எதில் கெட்டிக்காரன், எப்படிப்பட்டவன், எதை விடமாட்டான்.

இந்துஜா டீ ஆறுவதற்குள் தன் வைத்தியச்சியை மாற்றி எழுதிவிட்டாள். உமாராணிக்குக் கொம்பையா லேசில் வரவில்லை. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிகமாக இருந்த எண் ஒவ்வொன்றையும் சொல்லாக்கினாள். எழுதி அடித்து, அடித்து எழுதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் நால்வரும் கூடியதும் காளீஸ்வரனை உட்காரவைத்துப் படித்தாள்.

"மலை போன்ற வலிமை படைத்தவன். அஞ்சா நெஞ்சன். நண்பர்களுக்காக உயிரையும் ஈவான்."

காளீஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு சொல்லைத் தேடியது.

"யாரு... செத்தது?"

இந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உமாராணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கொம்பையாங்க. உங்க கொம்பையா."

"இவன் இல்ல." அவன் எழுந்து ஷட்டர் பக்கம் போனான். வெளியே வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. "வீட்டுக்கு."

"கொஞ்சம் உக்காருங்க. ஒரு தடவ ஆடிப் பாப்போம். ஏங்க, ஒரே ஒரு தடவ." குரல் கெஞ்சலாகிவிட்டது. இன்றைக்கு இவன் இந்த ஷட்டரைத் தாண்டிப் போய்விட்டால் நாளைக்குச் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

பூவனலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தான். "தங்கச்சி, கோவப்படாத. கொம்பையா என்னைக்கு உயிரக் குடுத்தான்?"

"நம்பர் அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி. துணிவுல அவியளுக்குத்தான் கூட."

"இருந்துச்சு. ஒரு நாளு அத எடுத்து ஆடிருக்கானா? உப்புக் கிணத்துல என்னய இறக்கிவிட்டுட்டுக் கயித்தோட ஓடுனவன் யாரு?"

"என் ஒட்டகத்த வித்தாரு," என்றாள் இந்துஜா. "கேட்டதுக்கு, அதுவா நடந்து போயிருச்சின்னாரு."

"அவிய இருக்கிற நெலமயில, முன்னால வச்சுக்கிட்டு இப்படியா பேசுவீக?"

"நான் கொம்பையாவப் பேசுதேன். இவனையா பேசுதேன்?"

விபத்து நடந்ததிலிருந்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தான் சொல்லிக்கொண்டிருந்தது உமாராணிக்கு நினைவு வந்தது. தங்கமான மனுசன், ஒரு சொல்லு அதிர்ந்து பேசமாட்டாக, யாருக்கும் இல்லைன்னு சொல்லமாட்டாக. பக்கத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். உண்மையில் அவன் சீட்டாட்டத்தில் கள்ளம் செய்கிறவன். மாமனார் வீட்டு விசேஷத்துக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பியதும் சினிமாவுக்குப் போனவன். கண்ணீர் அஞ்சலி வாசகத்தை அவள் கை தானாகவே போட்டுக்கொண்டு போயிருக்கிறது.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். 'ஓடுவதில் கெட்டிக்காரன்' என்று எழுதினாள். 'கூசாமல் பொய் சொல்வான்' என்று எழுதினாள். உரக்கப் படித்தாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"எத விடமாட்டான்?"

பூவனலிங்கம் தலையைச் சொறிந்தான். இந்துஜாவுக்கும் தெரியவில்லை. ஷட்டரடியில் குனிந்தபடி நின்றவன் நிமிர்ந்தான். வெகுநேரம் வாயை அசைத்தான்.

"செருப்பு."

"ஆமாலே," என்றான் பூவனலிங்கம் மெதுவாக. "அன்னைக்குக் கயித்தோட என் செருப்பையுமில்ல சேத்து எடுத்துட்டு ஓடுனான்."

உமாராணி அதையும் எழுதினாள். காளீஸ்வரன் வந்து உட்கார்ந்தான்.

அவள் தாமதிக்கவில்லை. மணல் காற்று வீசுகிறது. கப்பலின் பாய்மரம் சரிந்து சிப்பாயின் காலை நசுக்கிக் கிடக்கிறது. தூரத்தில் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். "கொம்பையா என்ன செய்யுதான்?"

காளீஸ்வரன் சிப்பாயைப் பார்த்தான். பூவனலிங்கம், ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவானே, அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தான். "பரவால்லலே, மெதுவாச் சொல்லு."

"ஓடுதேன்."

பகடையைப் போட்டான். விழுந்ததை அவனால் வாசிக்க முடியவில்லை. இந்துஜா எட்டிப் பார்த்து, "அஞ்சு. தப்பிச்சிட்டீங்க அண்ணே," என்றாள்.

"ஏலே, நாசமாப் போறவனே," என்று பூவனலிங்கம் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "திரும்பவும் விட்டுட்டாலே போற? கால் நசுங்கிக் கிடக்கேன். மனுசனா நீ?" அவன் கண் சிவந்திருந்தது. அடிபட்ட பிறகு காளீஸ்வரனை யாரும் இப்படிப் பேசியதில்லை.

காளீஸ்வரனின் உதட்டோரம் கோணியது. அது சிரிப்புதானா என்று உமாராணியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வைத்தியச்சி பாய்மரத்தைத் தூக்க வந்தாள். பூவனலிங்கம் திட்டுவதை நிறுத்தவில்லை.

சற்று நேரத்தில் காளீஸ்வரன் தன் தாளைக் காட்டி, "இவன் பேரு?" என்றான்.

"கொம்பையா," என்றாள் உமாராணி. தலையாட்டினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டான். சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அவள் பூவனலிங்கத்தைப் பார்த்தாள்.

"திருட்டுப்பய," என்றான் பூவனலிங்கம்.

"ம்," என்று ஒப்புக்கொண்டு காளீஸ்வரன் பகடைக்குக் கை நீட்டினான். அவன் முறை வரவில்லை. உமாராணி எடுத்துக் கொடுத்தாள்.