கோலி சோடா கிட்டாரு

சாம்பிராணிப் புகையும் மெஷின் ஆயிலும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்க... ஆயுத பூஜை அன்னிக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் எந்த ஃபேக்டரிக்குள்ள போனாலும் அதான். லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு பொட்டு, வாசல்ல ஒடச்ச பூசணிக்கா. கை நெறய பொரி கடலை.

எழுபதுகளோட ஆரம்பம் அது. அப்படி ஒரு ஃபேக்டரி ஃபங்ஷன்ல தான் நான் மொதமொதல்ல மேடை ஏறினேன். எங்க ட்ரூப் பேரு சில்வர் பிரதர்ஸ். பிரதர்ஸுக்கு நடுவுல நான் ஒருத்தி சிஸ்டர், அத யாரும் கண்டுக்கல.

ட்ரூப்புக்கு உசுரே தேவராஜ் அண்ணன் தான். அதே ஃபேக்டரில டர்னர். கிட்டார மடியில படுக்க வெச்சிக்கினு, கம்பி மேல ஒரு இரும்பு உருளைய வழுக்கி வழுக்கி வாசிப்பாரு. ஹவாயன் கிட்டாருன்னு சொல்லுவாங்க. அந்த உருளைய அவரே லேத்துல கடைஞ்சி, பளபளன்னு பாலிஷ் போட்டு வெச்சிருந்தாரு.

எங்க நைனா கவரப்பேட்டைல ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். பொம்பளப் புள்ள மேடைல பாடறதா, ஊரு இன்னா பேசும்னு ஊட்ல ஒரே ரகளை. அம்மா கெஞ்சி, நான் சோறு துன்னாம மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கெடந்து... கடைசில எறங்கி வந்தாரு.

"ஒரே ஒரு பாட்டு. எவனாவது விசில் அடிச்சான்னா எறங்கி வந்துரணும். அதோட பாட்டுக்கு முழுக்கு."

எனக்கோ பாட்டுன்னா உயிரு. அந்த ஒரு பாட்டுல தான் எல்லாமே இருந்துச்சு.

சாயங்காலம் நைனாவோட போனா, தேவராஜ் அண்ணன் மூஞ்சி தொங்கிப்போய் கெடக்குது. இன்னாண்ணான்னு கேட்டேன். காலைல அவங்க அம்மா அவரோட டூல்ஸ் எல்லாத்தையும் பூஜைல வெச்சுதாம். ஸ்பேனரு, மைக்ரோமீட்டரு... கூடவே அந்த உருளையும். அவன் கையால கடைஞ்சது, அதுவும் ஆயுதம் தானேன்னு! பூஜைல வெச்சத மறுநாள் தான் எடுக்கணும். அம்மா பேச்ச தட்டற ஆளு இல்ல அவரு. வாத்தியம்லாம் ரிகர்சல் ரூம்ல பூட்டிக் கெடந்ததால தப்பிச்சிச்சு. புரோகிராமுக்கு தலையாட்டினப்போ இது ஒருத்தருக்கும் தோணல பாருங்க.

ஃபேக்டரில இரும்புக்கா பஞ்சம்? ஆனா அத்தனைக்கும் பொட்டு வெச்சாச்சு. ஒரு நட்டு போல்ட்ட தொட்டாலும் ஃபோர்மேன் கைய ஒடிச்சிருவாரு.

என் பாட்டு கிட்டாருல தான் ஆரம்பிக்கும். அவரு எடுத்துக் குடுக்கலன்னா எனக்கு வாயே தொறக்காது. ஒரு மூலைல நின்னு அழுதுக்கினு இருந்தேன்.

அக்கார்டியன் வாசிக்கிற யூசுப் பாய் மட்டும் கவலயே இல்லாம கோலி சோடா குடிச்சிக்கினு இருந்தாரு. தேவராஜ் அண்ணன் அந்த பாட்டிலயே மொறச்சிப் பாத்தாரு. வெடுக்குனு புடுங்கி, மிச்ச சோடாவ கீழ கொட்டி, வேட்டில தொடச்சி, கம்பி மேல வெச்சி இழுத்தாரு...

யப்பா. இரும்புல வராத ஒரு கொழைவு!

ஒரே ஒரு வில்லங்கம். அவரு கைய ஆட்டி ஆட்டி வாசிக்கறப்போ, உள்ள இருக்கற கோலி குண்டு கிணுகிணுன்னு குலுங்குது. அத வெளிய எடுக்கவும் முடியாது.

"உடு மா, நீ பாட்டுக்கு பாடு"ன்னாரு.

மேடை ஏறினோம். மைக்குல அந்த கிணுகிணு கேட்டதும், திரைக்குப் பின்னால யாரோ சலங்கை கட்டிக்கினு ஆடறாங்கன்னு நெனச்சி ஜனம் எட்டி எட்டிப் பாக்குது. நான் கண்ண மூடிக்கினு பாடினேன். பல்லவி முடிஞ்சி கிட்டாரு தனியா மேல ஏறி, கோலி உருண்டு...

விசில்! நீட்டா, காதப் பொளக்கற மாதிரி.

போச்சு, எல்லாம் போச்சுன்னு கூட்டத்துல நைனாவ தேடறேன். மால போட்ட லேத்து பக்கத்துல, ஒரு சேர் மேல ஏறி நின்னுக்கினு, ரெண்டு வெரல வாயில வெச்சிக்கினு... அடிச்சதே அவரு தாங்க.

நைனாவுக்கு விசில் அடிக்க வரும்னே அன்னிக்கு தான் எனக்குத் தெரியும். சிரிப்பு வந்து சரணத்துல ஒரு வரிய முழுங்கிட்டேன்.

நைனாவும் நானும் ட்ரெயின்ல திரும்பினோம். ஸ்டேஷன் வந்ததும் தொண்டைய கனைச்சிக்கினு கேட்டாரு, "அடுத்த புரோகிராமு எங்கயாம்?"

அப்பறம் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், செவ்வாப்பேட்ட கல்யாணம்னு எங்க போனாலும் "சோடா பாட்டில் வாசிக்கறவரு வந்துருக்காரா"ன்னு தான் மொதல்ல கேப்பாங்க. நான் பூஜைல வெக்கலன்னா உனக்கு இந்தப் பேரு வந்துருக்குமான்னு தேவராஜ் அண்ணன் அம்மா ஒரே அலட்டல்.

இப்போ எங்க பொண்ணு ஊட்ல ஒரு கீபோர்டு இருக்கு. பட்டன அமுக்கினா ஹவாயன் கிட்டாரு சத்தம் வருது, ஒரு பிசிறு இல்லாம. நல்லா தான் இருக்கு, கொற சொல்லல. அதோட சேந்து நான் பாடி போன்ல போட்டா, நீங்கள்லாம் இதயம் இதயமா அனுப்பறீங்க. எண்ணி மாளல, சந்தோஷமா தான் இருக்கு.

ஆனா சேர் மேல ஏறி நிக்க எங்க நைனா இல்லயே...