“போறேன்க்கா” என்று சொன்ன தம்பி

எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டாசு. வாயைத் திறந்தால் அப்படி. முதலாளியே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அவளிடம் பேச்சை ஆரம்பிப்பார். அவளுக்கு ஒரே தம்பி. பேக்கரியில் அடுப்பு வேலை. மனைவி பிரிந்து போனதிலிருந்து அவனுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.

ஒரு மத்தியானம் அக்காவுக்குப் பிடித்த பன்னோடு கடைக்கு வந்தான். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தான். “போறேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

தெருமுனைக்குப் போகிறவன்கூட ‘போயிட்டு வரேன்’ என்றுதானே சொல்வான்? எனக்கு அது உறைக்கவே இல்லை. அவளுக்கு உறைத்தது. ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். பின்னால் ஓடிய நான், கிழி கிழி என்று கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“செத்துப்போகணும்னு தோணுதாடா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஆமாக்கா” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

“சொன்னியே, அது போதும். வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூடவே இருக்கேன்.”

சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வெளியே தெரிந்தால் மறுபடி யார் பெண் கொடுப்பார்கள் என்று அவர்களுடைய சித்தப்பா ஒருவர் வீட்டுக்கு வந்து புலம்பினார். உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் பெண் பார்க்க முடியும் என்று ஒரே போடாகப் போட்டாள். மனுஷன் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். எனக்குப் பரம திருப்தி.

முதலில் பார்த்த மனநல ஆலோசகர் அறிவுரையாகக் கொட்டித் தீர்த்தார். ஆண்பிள்ளை இதற்கெல்லாம் இடிந்துபோகலாமா என்று வேறு கேட்டாராம். இனி எங்கும் வரமாட்டேன் என்று தம்பி போர்வைக்குள் சுருண்டுவிட்டான்.

“ஒரு கண்ணாடி சரியில்லன்னா கண்ணையா தூக்கிப் போடுவோம்? வேற போட்டுப் பாப்போம். எழுந்திரு.”

அடுத்தவரும் சரிப்படவில்லை. அதற்கடுத்து ஒரு அம்மா. கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய் என்று கேட்டுவிட்டு, அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வெளியே வந்தவன், அடுத்த வாரம் எந்தக் கிழமை வர வேண்டும் என்று அவனாகவே சொன்னான். எந்நேரமும் பேச ஆள் இருக்கிற உதவி எண்ணை அவன் போனில் தன் எண்ணுக்கும் மேலே போட்டு வைத்தாள் பட்டாசு.

நல்லதும் கெட்டதுமாக மாதங்கள் ஓடின. அவன் வேலைக்குத் திரும்பினான். ஆனாலும் அவள் நிம்மதியாக இல்லை. தான் கவனிக்காத ஒரு நாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளைத் தின்றது.

ஒருநாள் கடையில் நல்ல கூட்டம். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்கு. தனியா இருக்க பயமா இருக்கு. வரியா?”

வந்துகொண்டே இருக்கிறேன், அதுவரை பக்கத்து வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிரு என்றாள். பையை எடுக்கும்போது அவள் முகமெல்லாம் கண்ணீர். நான் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அவனே கூப்பிட்டுட்டான்” என்றாள்.