தாசனுக்கும் ரெண்டு மாத்திரை

மீன் விற்கிறவர் செவுளைத் தூக்கிக் காட்டலாம், துணி விற்கிறவர் விரித்துக் காட்டலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை விளக்கிச் சொல்வது பிழைப்பாகிவிட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இருக்காது. வங்கியிலோ தாலுகா ஆபீசிலோ கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

2006-லிருந்து சில வருஷம் நாகர்கோவிலில், ரத்தத்தில் வரும் வியாதிகளைப் பார்க்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. உயிர்வேதியியல் படித்திருந்தேன். மருந்து கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், எதிரே ஒரு பெஞ்சு. வியாதி எப்படி வந்தது, மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது, ஏன் ஒரு நாள்கூட விடக் கூடாது என்று நான் சொல்ல வேண்டும். டாக்டருக்கு அதற்கு நேரம் கிடையாது.

எங்கள் ஊரான கருங்கல்லில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்குச் சொப்பனம்தான். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் வாசலுக்கும் வெளியிலிருந்து சேதி வந்துகொண்டே இருக்கும். வளரு, நில்லு, போதும், இனி செத்துப் போ. வாசலில் வாங்குகிற புரதம் உள்ளே நிற்கிற புரதத்தின் காதில் ஓதும், அது அடுத்ததிடம் ஓதும், கடைசியில் உள்ளறை வரைக்கும் சேதி போய்ச் சேரும். புத்தகத்தில் அது அம்புக்குறி போட்ட படம். பஸ்ஸில் கண்ணை மூடினால் தென்னந்தோப்பும் குளமும் வெயிலும் கலந்து, அந்தக் கிசுகிசுப்பு எனக்கே கேட்பது போலிருக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடுவார்.

போட்டு வயர்லெஸ்

கிளீட்டஸ் அண்ணன் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். விசைப்படகில், அவர் பாஷையில் போட்டில், ஆழ்கடலுக்குப் போகிறவர். மண்ணீரல் வீங்கி இடப்பக்கம் கல்லாகி, சட்டையின் கீழ்ப் பித்தான்களைப் போட முடியாமல் வந்து நின்றார். கூடவே மனைவி மேரி அக்கா. ரத்தத்தில் வெள்ளையணு கணக்கில்லாமல் பெருகும் புற்று. சில வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் கையை விரித்திருப்பார்கள். இப்போது அதற்கென்றே ஒரு மாத்திரை வந்திருந்தது, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் கிடைத்தது. தினமும் நாலு, சோற்றுக்குப் பிறகு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு.

"எலும்பு மஜ்ஜைக்குள்ள ஒரு புரதம் இருக்குண்ணா. வெள்ளையணு வேணும்னா 'செய்'னு சொல்லும், போதும்னா வாயை மூடிக்கிடும். உங்களுக்குள்ள அது உருமாறி, மூடவே தெரியாம ஓயாம சொல்லிட்டு இருக்கு" என்றேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "வயர்லெஸ்ல மைக்குப் பித்தான் ஒட்டிப் போன மாதிரி" என்றார். பித்தானை அமுக்கினால்தான் பேச முடியும், விட்டால்தான் கேட்க முடியும். ஏதோ ஒரு போட்டில் அது ஒட்டிக்கொண்டால் அந்த அலைவரிசையே அடைபட்டுப் போகும், கடலில் ஒருவரும் ஒருவரோடு பேச முடியாது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. "அதேதான்! இந்த மாத்திரை அந்தப் பித்தானுக்கு அடியில போய் உக்காந்துக்கிடும், சேதி போகாது" என்றேன். அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பித்தான் ஒட்டிப் போச்சுன்னு அந்தப் போட்டுக்காரனுக்கு மட்டும் தெரியாது பிள்ளே. கடல்ல மத்தவன் ஒக்க அவனக் கெட்ட வார்த்தையில தெறி விளிச்சிட்டு இருப்பான்."

மடை திறந்தது யார்?

அந்த உற்சாகத்தில் அடுத்து வந்தவரிடமும் வயர்லெஸ்ஸையே சொன்னேன். அவர் சுசீந்திரத்து நெல் விவசாயி. அதே வியாதி, அதே மாத்திரை. "வயர்லெஸ்ஸா? போலீஸ்காரன்ட்ட இருக்குமே, அதா?" என்று முகம் சுளித்தார். சரி என்று மடைக்குத் தாவினேன். திறந்த மடை மூடாமல் கிடந்தால் வயல் மூழ்காதா? மாத்திரை அதை அடைக்கிற பலகை. தலையை ஆட்டினார், நன்றாகப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

"செரி, மடையத் தொறந்து விட்டது யாரு?" என்றார். யாரும் இல்லை, செல் பிரியும்போது குரோமோசோமில் ரெண்டு துண்டு இடம் மாறி ஒட்டிக்கொள்ளும், சும்மா நடக்கிறது என்றேன். உரம், பூச்சி மருந்து, பக்கத்து வயல்காரன், மருமகள் வைக்கிற குழம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்: "சும்மா வந்துதாம்! ஒருத்தனையும் குத்தம் சொல்லாம ஒரு சீக்க, தீனத்த எப்பிடிம்மா வெச்சுக் கொண்டாடுகது?"

நோம்புக் கஞ்சி

கோட்டாற்றிலிருந்து அதே வியாதிக்கு ஒரு உம்மா வருவார். மல்லிகை அத்தர் வாசம் அவருக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்காரும். ரமலான் வந்ததும் சிக்கல். மத்தியானம் சோற்றுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரையை அவர் விடிவதற்கு முன்னால் வெறும் வயிற்றில் விழுங்கி, ஓங்கரித்துத் துப்பிக்கொண்டிருந்தார். சீக்காளிகளுக்கு நோன்பில் விலக்கு உண்டே என்றேன். அதை எனக்குச் சொல்லித் தர நீ யார் என்பது போலப் பார்த்தார். எனக்கும் சுர்ரென்றது, ஆனாலும் டாக்டரிடம் ஓடிக் கேட்டு வந்தேன். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, சாப்பிட்டு முடித்த பிறகு மொத்தமாகப் போடலாம், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும்.

"இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து நாளைக்குச் சாயங்காலம் வர அது தாங்குமா?" என்றார். தாங்கும், மருந்து ரத்தத்திலிருந்து பைய பையத்தான் குறையும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே பாதாம் மரத்திலிருந்து சிவப்பு இலைகள் ஒன்றிரண்டாக விழுந்துகொண்டிருந்தன. நான் வழக்கம் போல அதைப் பார்த்து எங்கேயோ போய்விட்டேன். உம்மா என் கையைத் தட்டிச் சொன்னார்: "உள்ள கெடக்க சைத்தானுக்கு நோம்பு இல்லன்னு தெரியும் மோளே. அவனச் சொமக்க நான் ஒருத்தியாவது நோம்பு வெச்சுக் காட்டண்டாமா?"

ஏறின கவுண்டு

கிளீட்டஸ் அண்ணனுக்கு மாத்திரை நன்றாகக் கேட்டது. வயிறு வற்றிப் பித்தானெல்லாம் போட ஆரம்பித்தார், வெள்ளையணுவின் கவுண்டு இருக்க வேண்டிய எண்ணிக்கைக்கு இறங்கியது. அப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு மெதுவாக ஏற ஆரம்பித்தது. மறு மாதம் இன்னும் ஏறியது. டாக்டர் முகம் இறுகிவிட்டது. சில பேருக்கு அந்தப் புரதம் இன்னொரு தடவை உருமாறும், மாத்திரை உட்காருகிற குழியே கோணலாகிவிடும். அப்படியானால் இவருக்கு வேறு வழி இல்லை, ஆள் கையை விட்டுப் போய்விடுவார். "ஒழுங்கா எடுக்காரா, கேளு" என்று என்னிடம் அனுப்பினார்.

"நாலும் தீருதாண்ணா?" என்றேன். "தீருதே" என்றார். பொய் சொல்கிற முகமில்லை. மேரி அக்கா மட்டும் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "ரெண்டு இவருக்கு, ரெண்டு தாசண்ணனுக்கு" என்று போட்டு உடைத்தார்.

தாசன் இவரோடு ஒரே போட்டில் வேலை செய்தவர். தொண்டையில் புற்று. திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்துவிட்டு, இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுக்கு மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, அது தன் கையில் இருக்கிறது, தாசனுக்கும் புற்றுதான். கிளீட்டஸ் அண்ணனுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கரையில் சீக்காகிப் படுத்துவிட்டவனுக்கும் படகில் பிடித்த மீனில் ஒரு பங்கு போகும். தினமும் ரெண்டு மாத்திரையைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போயிருக்கிறார். "உங்க உசிரத் தூக்கிக் குடுத்துட்டு இருக்கீங்கண்ணா, தெரியுமா?" என்று கத்திவிட்டேன். கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அவன் வீட்டுல கெடந்து சாவ, நான் அடுத்த வீட்டுல இருந்து நாலையும் முழுங்கவா? அந்தச் சோறு இறங்குமா பிள்ளே?"

மண்டைக்காட்டு பஸ்

அவரை நம்பிப் பலனில்லை என்று தெரிந்துவிட்டது. தாசண்ணனையே கூட்டி வரச் சொன்னேன். வந்தார். உயரமான மனுஷர். கழுத்தைச் சுற்றித் துண்டு, குரல் காற்றாகப் போயிருந்தது. முந்தின நாள் முழுக்க என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவர் கண்ணைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

"அண்ணா, வியாதிக்குப் பேரு ஒண்ணுதான். உள்ள சேதி போற வழி வேற வேற. இவருக்குள்ள கெட்டுப் போனது ஒரு புரதம், உங்க தொண்டையில கெட்டது வேற. கருங்கல் பஸ்ஸ மறிச்சா மண்டைக்காட்டு பஸ் நிக்குமா? இது உங்க பஸ்ஸ மறிக்காது" என்றேன். கேட்டுக்கொண்டார். கிளீட்டஸ் அண்ணன் மட்டும், "கொஞ்சமாவது கேக்காதா? துளியூண்டு?" என்று இழுத்தார். இல்லை என்று தலையாட்டினேன். தாசண்ணன் முன்னால் சாய்ந்து, அந்தக் காற்றுக் குரலில் மெதுவாகக் கேட்டார்: "எனக்க பஸ்ஸ மறிக்க மாத்திரை?"

"இன்னும் வரலண்ணா" என்றேன். இத்தனை வழிகளையும் மனப்பாடமாகப் படித்து என்ன பிரயோசனம் என்று அந்த நிமிஷம் என்னையே வெறுத்தேன். தாசண்ணன் கிளீட்டஸ் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏலே, இத்தன நாளு உனக்க பங்கையா நான் குடிச்சேன்? சவத்து மூளி, ஒரு வார்த்த பறஞ்சியா?"

மரத்தடிச் சோறு

அதோடு தாசண்ணன் விடவில்லை. மேரி அக்கா தூக்குவாளியில் சோறும் மீன் கறியும் கொண்டு வந்திருந்தார். பாதாம் மரத்தடியில் கிளீட்டஸ் அண்ணனை உட்கார வைத்து, "தின்னு" என்றார். அவருக்கே கஞ்சித் தெளிவைத் தவிர எதுவும் இறங்காத காலம். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நண்பன் ஒவ்வொரு உருண்டையாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளீட்டஸ் அண்ணனின் கண்ணீர் சோற்றில் விழுந்தது. நாலு மாத்திரையையும் அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரைத் தாசண்ணனே நீட்டினார். காற்றில்லாத மத்தியானம், இலைகூட அசையவில்லை. நான் ஜன்னலில் நின்றபடி, அந்த மாத்திரைகள் ஒவ்வொன்றாக உள்ளே கரைந்து, ரத்தத்தில் மிதந்து, சரியான குழியைத் தேடிப் போய் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் தாசண்ணன் நண்பன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து நாலையும் விழுங்க வைத்தாராம். நடக்க முடியாமல் போனபோது கிளீட்டஸ் அண்ணன்தான் சோற்றை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனார். வெள்ளையணு இறங்கியது. குழி கோணவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் சிரித்தார், அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சேதியை தாசண்ணன் கட்டிலுக்குக் கொண்டு போனபோது அவர் சொன்னது இது, மேரி அக்கா வந்து சொன்னார்: "நான் போயிட்டேம்னு ஒரு நாளு முழுங்காம இருந்தேன்னா, குழியில இருந்து எழும்பி வருவேன் கேட்டியாலே."

மாசத்துக்கு ஒரு கேள்வி

தாசண்ணன் அந்த மழைக்காலத்தில் போய்விட்டார். அடக்கமெல்லாம் முடிந்து கிளீட்டஸ் அண்ணன் மாத்திரை வாங்க வந்தார். கவுண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். கை காட்டி நிறுத்தி, "தாசனுக்க வழிக்கு மாத்திரை வந்துதா?" என்றார். இல்லை என்றேன். மறு மாதமும் கேட்டார். அதற்கடுத்த மாதமும். தன் ரத்தத்தைப் பற்றி ஒரு நாளும் முதலில் கேட்டதில்லை. மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகும், கரைக்கு வந்ததும் உப்புக் காய்ந்த காலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் கேட்பார்.

சில வருஷம் கழித்து, கல்யாணமாகி நான் வேலையை விடப் போகிற வாரம் வந்தார். கேட்டார். எனக்கு அன்று என்னவோ தாங்கவில்லை. "அண்ணா, தாசண்ணன்தான் இல்லியே. வந்தாலும் யாருக்கு வாங்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டே விட்டேன். கோபப்படவில்லை. தன் மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: "கரையில எத்தன தொண்ட இருக்கு பிள்ளே. அவனுக்குக் கிட்டாத பங்க நான் கேட்டு வாங்காம, வேற எவன் வந்து கேப்பான்?"

செல்லுக்குள் சேதி போகிற வழிகளைச் சொல்லித் தரத்தான் எனக்குச் சம்பளம். அத்தனை வருஷத்தில் அந்தச் சம்பளத்துக்குத் தகுந்த கஷ்டமான வேலை என்று நான் செய்தது, அந்த ஒரு மனுஷனிடம் மாதா மாதம் "இன்னும் வரலண்ணா" என்று சொன்னது மட்டும்தான்.